ஊராட்சித் தேர்தல்: வாக்குறுதிகளைத் தரம் பிரிப்பது எப்படி?

நாற்றங்காலில் விதை தெளிப்பதற்கு முன் விவசாயி ஒரு சோதனை செய்கிறார். தொட்டித் தண்ணீரில் கோழி முட்டை மிதக்கும் அளவுக்கு உப்பைக் கரைத்து, அதில் விதை நெல்லைக் கொட்டுகிறார். பதரும் கருக்காயும் மேலே மிதக்கின்றன. மணி பிடித்த விதை அடியில் தங்குகிறது. மிதப்பதை அரித்து எடுத்துவிட்டு, தங்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவி விதைக்கிறார். நாலைந்து மாதப் பயிருக்கே இவ்வளவு முன்னெச்சரிக்கை தேவைப்படுகிறது. ஐந்து ஆண்டுகள் ஊரின் வரவு செலவைக் கையில் வைத்திருக்கப் போகிற ஊராட்சி மன்றத்துக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும்போதும் இப்படி ஒரு சோதனை அவசியம்.

பெரிய நிலக்காரருக்குச் சொந்தத்தில் ஆழ்துளைக் கிணறு இருக்கும், டிராக்டர் இருக்கும், நெல்லை வைக்கக் கிட்டங்கியும் இருக்கும். ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் நம்பி இருப்பது பொதுவில் உள்ளவற்றைத்தான். ஏரி, வரத்து வாய்க்கால், வயலுக்குப் போகும் வண்டிப்பாதை, நெல் உலர்த்தும் களம், வாரச் சந்தை ஆகிய இவை எல்லாம் ஊராட்சியோடு சம்பந்தப்பட்டவை. ஆகவே, உள்ளாட்சித் தேர்தலில் வேட்பாளர் சொல்லும் பொருளாதாரத் திட்டத்தால் அதிக லாபமோ நஷ்டமோ அடைபவர் சிறு விவசாயியே.

நான்கு வாக்குகள்

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-ல் வந்தது. அதன்படி கிராம ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி என மூன்று அடுக்குகள் உள்ளன. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள் மாநிலத்தில் இருக்கின்றன. கிராமத்து வாக்காளர் ஒருவருக்கு நான்கு வாக்குகள் உண்டு. கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர், கிராம ஊராட்சித் தலைவர், ஒன்றிய வார்டு உறுப்பினர், மாவட்ட ஊராட்சி வார்டு உறுப்பினர் ஆகிய நால்வரை அவர் தேர்ந்தெடுக்கிறார். தலைவருக்கான சீட்டு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள் என நிறம் பிரித்துத் தருவது வழக்கம்.

கிராம ஊராட்சித் தலைவரும் வார்டு உறுப்பினரும் கட்சிச் சின்னம் இல்லாமல் போட்டியிடுகின்றனர். ஒன்றியத்துக்கும் மாவட்டத்துக்கும் கட்சி அடிப்படையில் போட்டி நடக்கிறது. ஒன்றியக் குழுத் தலைவரையும் மாவட்ட ஊராட்சித் தலைவரையும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை; வென்ற உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுக்கின்றனர்.

நான்கு பேருக்கும் அதிகாரம் வேறு வேறு. ஆகவே நான்கு பேரையும் ஒரே கேள்வியால் சோதிக்க முடியாது. தலைவரிடம் ஊரின் வரவு செலவைக் கேட்க வேண்டும். ஒன்றிய உறுப்பினரிடம் ஏரியையும் ஊர்களை இணைக்கும் சாலையையும் கேட்க வேண்டும். மாவட்ட உறுப்பினரிடம், மாவட்டத் திட்டத்தில் தம் பகுதிக்கு எதைக் கேட்டு வாங்குவார் என்று கேட்க வேண்டும். வார்டு உறுப்பினரைச் சிறிய பதவி என்று ஒதுக்கிவிடக் கூடாது. கிராம ஊராட்சியின் காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்திட வேண்டும். அந்தத் துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள்தாம் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவர் தவறாகச் செலவு செய்யும்போது கையெழுத்துப் போட மறுக்கத் துணிவுள்ள ஒருவர் மன்றத்தில் இருக்க வேண்டுமானால், வார்டு வாக்கையும் யோசித்துப் போட வேண்டும்.

முதல் சோதனை: யார் கையில் எது?

தேர்தல் சமயத்தில் தரப்படும் வாக்குறுதிகளில் பாதி, அதைத் தருபவரின் கையில் இல்லாதவை. இவையே உப்புத் தண்ணீரில் மிதக்கும் பதர்.

நெல் விலையை எடுத்துக்கொள்ளலாம். குறைந்தபட்ச ஆதரவு விலையை மத்திய அரசு அறிவிக்கிறது. 2025-26 பருவத்துக்குச் சாதாரண ரகம் குவிண்டால் ரூ.2,369 என்றும் சன்ன ரகம் ரூ.2,389 என்றும் அறிவித்தது. அதன்மேல் மாநில அரசு முறையே ரூ.131-ம் ரூ.156-ம் ஊக்கத்தொகை சேர்த்ததால் ரூ.2,500, ரூ.2,545 என்று ஆயிற்று. இதில் ஊராட்சித் தலைவருக்கோ ஒன்றிய உறுப்பினருக்கோ ஒரு பைசா கூட்டவோ குறைக்கவோ அதிகாரம் இல்லை.

கூட்டுறவுக் கடன் தள்ளுபடியும் அப்படியே. 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட தள்ளுபடி மாநில அரசின் முடிவு. விவசாய மின்சாரம் 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், பின்னர் எல்லா விவசாயிகளுக்கும் இலவசமானதும் மாநில அரசின் ஆணையால்தான். உர விலையும், 2019-ல் தொடங்கிய ஆண்டுக்கு ரூ.6,000 உதவித் தொகையும் மத்திய அரசைச் சேர்ந்தவை. ஏரி வண்டல் எடுக்க அனுமதி தருவதும் ஊராட்சி அல்ல. 2024-ல் விதி எளிமையாக்கப்பட்டபோது அந்த அதிகாரம் தாசில்தாருக்கு வந்தது.

ஊரக வேலைத் திட்டத்தைப் பற்றியும் தெளிவு வேண்டும். 2005-ம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நடந்த நூறு நாள் வேலைக்குப் பதிலாக, 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்றியது. அதில் 125 நாள் வேலை கூறப்பட்டுள்ளது. செலவில் பெரும்பாலான மாநிலங்கள் 40 சதவீதத்தை ஏற்க வேண்டும் என்றும், விதைப்பு அறுவடைக் காலங்களில் மொத்தம் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கலாம் என்றும் அது சொல்கிறது. நாள் கணக்கையோ கூலி விகிதத்தையோ ஊராட்சித் தலைவர் உயர்த்த முடியாது. எந்த வேலையை எடுப்பது என்பதில் மட்டும் ஊராட்சிக்கும் கிராம சபைக்கும் பங்கு உண்டு. வாய்க்கால் தூர்வாருவதா, பண்ணைக்குட்டை வெட்டுவதா, மரக்கன்று நடுவதா என்று கேட்பதே பொருத்தமான கேள்வி.

1993-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம், ஊராட்சிகளுக்குத் தரத்தக்க 29 இனங்களைப் பட்டியலிட்டது. வேளாண்மை, மண்வளப் பாதுகாப்பு, சிறுபாசனம், கால்நடை ஆகியவை அதில் முதல் வரிசையிலேயே உள்ளன. ஆனால் பட்டியலில் இருப்பதால் மட்டும் அதிகாரம் வந்துவிடாது. மாநில அரசு சட்டத்தாலும் ஆணையாலும் தந்த அளவுக்கே ஊராட்சி செயல்பட முடியும். வேளாண்மை விரிவாக்கப் பணியாளர் இன்றும் வேளாண்மைத் துறையின் கீழ்தான் இருக்கிறார்.

கையில் இல்லாததற்காகக் குரல் கொடுப்பது தவறல்ல. "கொள்முதல் நிலையம் வேண்டும் என்று தீர்மானம் போட்டு அனுப்புவேன்" என்று ஒருவர் சொன்னால் அது நேர்மையான பேச்சு. "கொள்முதல் விலையை மூவாயிரமாக உயர்த்துவேன்" என்றால் அது பதர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை விவசாயிகள் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது சோதனை: பணம் எங்கிருந்து வரும்?

கிராம ஊராட்சிக்கு வரும் பணத்தை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது சொந்த வருவாய். வீட்டுவரி, குடிநீர்க் கட்டணம், கட்டட அனுமதிக் கட்டணம், தொழில்வரி, மீன்பாசிக் குத்தகை, சந்தைக் குத்தகை முதலியவை இதில் சேரும்.

இரண்டாவது மாநில அரசின் பங்கு. மாநிலம் வசூலிக்கும் வரியில் ஒரு பகுதியை, மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி உள்ளாட்சிகளுக்குப் பிரித்துத் தருகிறார்கள்.

மூன்றாவது மத்திய நிதிக்குழு மானியம். 2015 முதல் 2020 வரை 14-வது நிதிக்குழுவின் மானியம் கிராம ஊராட்சிக்கு மட்டும் வந்தது. 15-வது நிதிக்குழு மூன்று அடுக்குகளுக்கும் தந்தது. 2021-22 முதல் 2025-26 வரை அந்த மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. மீதி 40 சதவீதத்தை ஊரின் தேவைக்கேற்பச் செலவிடலாம். அதையும் சம்பளத்துக்கு எடுக்கக் கூடாது. இப்படி நிபந்தனையுள்ள பணத்தையும் நிபந்தனையற்ற பணத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத வேட்பாளரின் திட்டம் காகிதத்தோடு நின்றுவிடும்.

செலவுப் பக்கத்திலும் ஒரு செய்தி உண்டு. குடிநீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் செலுத்தும் மின்கட்டணமே பல ஊராட்சிகளில் பெரிய செலவு. புதிய மேல்நிலைத் தொட்டி கட்டுவேன் என்று சொல்பவர், அதற்கு ஆண்டுதோறும் ஆகும் மின்கட்டணத்தையும் மோட்டார் இயக்குபவரின் சம்பளத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு

கணக்கு விளங்குவதற்காக ஒரு கற்பனை ஊராட்சியை எடுத்துக்கொள்ளலாம். அதன் ஆண்டு வரவு: வீட்டுவரி ரூ.3 லட்சம், மாநில நிதிப் பங்கு ரூ.20 லட்சம், மத்திய மானியம் ரூ.15 லட்சம், மற்றவை ரூ.2 லட்சம்; ஆக மொத்தம் ரூ.40 லட்சம். தவிர்க்க முடியாத ஆண்டுச் செலவு: மின்கட்டணம் ரூ.10 லட்சம், ஊழியர் சம்பளம் ரூ.8 லட்சம், மோட்டார், குழாய், விளக்கு பழுதுபார்ப்பு ரூ.4 லட்சம், ஆக ரூ.22 லட்சம். மத்திய மானியத்தில் 60 சதவீதமாகிய ரூ.9 லட்சம் குடிநீர், சுகாதாரத்துக்கு ஒதுக்கப்பட்டுவிடுகிறது. கையில் நிற்பது ஆண்டுக்கு ரூ.9 லட்சம். ஐந்து ஆண்டுக்கு ரூ.45 லட்சம். ஊர் நினைப்பதைவிட இது குறைவான தொகை.

இங்கே மூவர் போட்டியிடுவதாகக் கொள்ளலாம்.

முதல் வேட்பாளர் வீட்டுவரியை ரத்து செய்வதாகவும், ரூ.60 லட்சத்தில் சமுதாயக் கூடம் கட்டுவதாகவும், ரூ.8 லட்சத்தில் ஊர் முகப்பில் வளைவு அமைப்பதாகவும் சொல்கிறார். வீட்டுவரி என்பது சட்டப்படி விதித்தே ஆக வேண்டிய வரி. அதை ரத்து செய்யத் தலைவருக்கு அதிகாரம் இல்லை. வசூலிக்காமல் விட்டால்கூட ஐந்து ஆண்டில் ரூ.15 லட்சம் குறையும். மீதி ரூ.30 லட்சம். அவர் சொன்ன வேலைகளுக்கு வேண்டியது ரூ.68 லட்சம். ரூ.38 லட்சம் துண்டு விழுகிறது. "எம்.எல்.ஏ. நிதியில் வாங்குவேன்" என்று அவர் சொல்லலாம். அந்த நிதி எம்.எல்.ஏ. பரிந்துரைத்தால் வருவது, வேட்பாளரின் பணம் அல்ல. வரும் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்பதில் தவறில்லை.

இரண்டாவது வேட்பாளர் ரூ.12 லட்சத்தில் இரண்டு உலர்களங்கள், ரூ.15 லட்சத்தில் வயல்வெளிப் பாதை, ரூ.6 லட்சத்தில் குடிநீர்க் குழாய் பழுதுபார்ப்பு என்று சொல்கிறார். வீட்டுவரி நிலுவையை வசூலித்து ஆண்டுக்கு ரூ.1 லட்சம் கூடுதலாகச் சேர்ப்பதாகவும் கூறுகிறார். குழாய் வேலைக்குக் குடிநீருக்கென ஒதுக்கிய பணமே போதும். களத்துக்கும் பாதைக்கும் ரூ.27 லட்சம். கையில் நிற்கும் ரூ.45 லட்சத்தோடு நிலுவை வசூல் ரூ.5 லட்சம் சேர்த்தால் ரூ.50 லட்சம். வேலை முடிந்தும் ரூ.23 லட்சம் மிச்சம். கணக்கு நிற்கிறது.

மூன்றாவது வேட்பாளர் நெல்லுக்கு அதிக விலை, கடன் தள்ளுபடி, வீட்டுக்கு ஒரு வேலை என்று சொல்கிறார். இவருக்குக் கணக்கே போட முடியாது. முதல் சோதனையிலேயே மிதந்துவிடுகிறது.

வரி நிலுவையை வசூலிப்பேன் என்று சொல்பவருக்கு வாக்குக் குறையும் என்பது உண்மை. ஆனால் வரி வாங்க மாட்டேன் என்பவர், வேலை நடக்காதபோது "பணம் இல்லை" என்று சொல்ல இப்போதே வழி செய்துகொள்கிறார் என்பதை மறக்கலாகாது.

மூன்றாவது சோதனை: பலன் யாருக்கு?

கணக்கு நின்றுவிட்டது என்பதற்காக இரண்டாவது வேட்பாளரை அப்படியே ஏற்றுவிடக் கூடாது. அடியில் தங்கிய விதையைக் கழுவுவது போல இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

உலர்களத்தின் பலன் தெளிவானது. கொள்முதலுக்கு நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பது பொது விதி. மழை அதிகமான ஆண்டுகளில் மட்டும் தளர்வு தரப்படுவது உண்டு. களம் இல்லாதவர் தார்ச்சாலையில் காயப்போடுகிறார். அல்லது ஈர நெல்லை வியாபாரியிடம் கிடைத்த விலைக்குக் கொடுக்கிறார். இரண்டு ஏக்கரில் 48 குவிண்டால் விளைந்து, குவிண்டாலுக்கு ரூ.200 குறைவாக விற்றால் ஒரு பருவத்தில் ரூ.9,600 போய்விடுகிறது. சிறு விவசாயிக்கு இது அடுத்த பருவத்தின் உரச் செலவு.

ஆனால் இரண்டு களங்களும் எங்கே வரப்போகின்றன? இரண்டும் தலைவரின் தெருவை ஒட்டி அமைந்தால், ஊரின் மறுகோடியில் இருப்பவர் மூட்டையைச் சுமந்து வர வேண்டும். அறுவடை நெருக்கத்தில் அவருக்கு முறையும் கிடைக்காது. வயல்வெளிப் பாதை பட்டா நிலத்தின் வழியாகப் போனால், நிலக்காரர் எழுதிக் கொடுக்கச் சம்மதித்துவிட்டாரா? சம்மதிக்காவிட்டால் பாதை பாதியில் நின்றுவிடும். குழாய் பழுதுபார்ப்பு கூலித் தொழிலாளர் வசிக்கும் கடைசித் தெரு வரை போகிறதா? அந்தத் தெருவில் பெண்கள் காலையில் ஒரு மணி நேரம் தண்ணீருக்குக் காத்திருந்தால், நடவுக்கு வருவதும் அந்த அளவுக்குத் தாமதமாகும். நிலம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் நலன் வேறு வேறு என்று நினைப்பது சரியல்ல.

மிச்சமுள்ள ரூ.23 லட்சத்தை எங்கே செலவிடுவார் என்பதற்கு அவர் தரும் பதிலே அவர் எப்படிப்பட்டவர் என்பதைக் காட்டிவிடும்.

ஏரியின் நிலை

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் உள்ளன. 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ள ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தவை. அதற்கு மேற்பட்டவை பெரும்பாலும் நீர்வளத் துறையின் பொறுப்பில் இருக்கின்றன. ஆகவே, "ஏரியைத் தூர்வாருவேன்" என்று ஊராட்சித் தலைவர் வேட்பாளர் சொன்னால், அது எந்த ஏரி என்று முதலில் கேட்க வேண்டும். ஒன்றிய ஏரியானால் பச்சைச் சீட்டில் நிற்பவரிடம் அந்தக் கேள்வி போக வேண்டும். பெரிய ஏரியானால் ஊராட்சி தீர்மானம் போட்டு வலியுறுத்த மட்டுமே முடியும்.

ஏரி வேலையிலும் எது முக்கியம் என்று பிரித்தறிய வேண்டும். நடு ஏரியில் மண் வெட்டுவது எல்லோர் கண்ணுக்கும் தெரியும், படமும் எடுக்கலாம். ஆனால் வரத்து வாய்க்கால் அடைபட்டிருந்தால் எவ்வளவு ஆழப்படுத்தியும் தண்ணீர் வராது. மதகின் அடைப்புப் பலகை உளுத்திருந்தால் தேங்கிய நீரும் வீணாகக் கசியும். கலிங்கு உடைந்திருந்தால் கொள்ளளவு குறையும். சீமைக்கருவேல் மண்டிய கரையில் வேர் வழியே கசிவு உண்டாகும். வரத்து வாய்க்கால், மதகு, கலிங்கு, கரை, அதன்பின் தூர் என்ற வரிசையில் பேசும் வேட்பாளர் வேலை தெரிந்தவர். தலைமடைக்காரர் தண்ணீர் எடுத்தபின் கடைமடைக்கு எத்தனை நாளில் வந்து சேருகிறது என்று கேட்டால், அவர் வயல்வெளியில் கால் வைத்தவரா என்பதும் தெரிந்துவிடும்.

வரத்து வாய்க்காலிலோ ஏரி உட்பகுதியிலோ வேட்பாளரோ அவரது உறவினரோ ஆக்கிரமித்திருக்கிறார்களா என்பதையும் விசாரிக்க வேண்டும். தாம் உழுகிற புறம்போக்கைத் தாமே அளந்து கல் போடும்படி தாசில்தாரிடம் மனுக் கொடுக்க யாரும் முன்வர மாட்டார்கள்.

நான்காவது சோதனை: பராமரிப்பும் பழைய கணக்கும்

புதிய வேலையைத் திறந்து வைக்க எல்லோரும் ஆசைப்படுவார்கள். பழையதைப் பழுதுபார்க்க யாருக்கும் ஆசை இல்லை. காரணம், அதற்குக் கல்வெட்டு கிடையாது. ஊரில் ஏற்கெனவே உள்ள களம் வெடித்துக் கிடக்க, புதிய களம் ஏன்? பழைய தொட்டி ஒழுகும்போது புதிய தொட்டி எதற்கு? பழுதுபார்க்க ஆகும் செலவையும் புதிதாகக் கட்டும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லும்படி வேட்பாளரைக் கேட்க வேண்டும்.

முன்பு பதவியில் இருந்தவர் மீண்டும் நின்றால் சோதனை இன்னும் சுலபம். ஊராட்சியின் வரவு செலவு கிராம சபையில் வைக்கப்பட வேண்டும்; தணிக்கை அறிக்கையும் வைக்கப்பட வேண்டும். 2020-ல் மத்திய அரசு தொடங்கிய 'இ-கிராம் ஸ்வராஜ்' இணையதளத்தில் ஊராட்சியின் திட்டங்களையும் செலவையும் பார்க்கலாம். வீட்டில் படித்த பிள்ளைகள் இருந்தால் கைப்பேசியிலேயே எடுத்துக் காட்டுவார்கள். அதில் முடிந்ததாகக் காட்டப்பட்ட வேலை ஊரில் உண்மையில் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்ப்பது அரை நாள் வேலைதான்.

புதியவராக இருந்தால், வேட்புமனுவோடு தரும் உறுதிமொழிப் பத்திரத்தைப் பார்க்கலாம். அதில் சொத்து, கடன், கல்வி, வழக்கு விவரங்கள் இருக்கும். பால் கூட்டுறவுச் சங்கத்திலோ கோயில் கமிட்டியிலோ அவர் பொறுப்பில் இருந்திருந்தால், அந்தக் கணக்கை எப்படி ஒப்படைத்தார் என்பது ஊருக்குத் தெரிந்திருக்கும்.

இட ஒதுக்கீட்டில் வந்த தலைவர் பதவியைச் சிலர் குறைவாக மதிப்பதுண்டு. பெண்களுக்கான ஒதுக்கீடு 2016-ல் மூன்றில் ஒன்றிலிருந்து சரிபாதியாக உயர்ந்தது. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு மக்கள்தொகைக்கேற்ற ஒதுக்கீடு உண்டு. எந்தத் தலைவரானாலும் காசோலை அதிகாரம் ஒன்றே. பெண் வேட்பாளருக்காக அவரது கணவர் வந்து பதில் சொன்னால், "அம்மா, களத்தை எங்கே போடுவீர்கள் என்று நீங்களே சொல்லுங்கள்" என்று அவரிடமே கேட்க வேண்டும்.

வாக்குக்குப் பணமும் பதவி ஏலமும்

வாக்குக்கு ரூ.500 வீதம் நான்கு வாக்குள்ள வீட்டுக்கு ரூ.2,000 வருகிறது என்று வைத்துக்கொண்டால், ஐந்து ஆண்டுக்கு 1,826 நாள். நாளொன்றுக்கு ரூ.1.10. அந்தப் பணத்தை வாங்கிய வீட்டார் களம் இல்லாமல் ஒரே பருவத்தில் ரூ.9,600 இழக்கிறார்கள். கணக்கு இவ்வளவுதான். பணம் கொடுப்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம் என்பதும் நினைவிலிருக்க வேண்டும்.

சில ஊர்களில் தலைவர் பதவியை ஏலம் விட்டு, அந்தப் பணத்தைக் கோயிலுக்கு வைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்து வருகிறது. சண்டை இல்லாமல் முடிகிறது, கோயிலுக்கும் நல்லது என்று இதற்குச் சமாதானம் சொல்கிறார்கள். ரூ.10 லட்சம் கொடுத்துப் பதவி எடுத்தவருக்கு அரசு தருவது சொற்ப மதிப்பூதியம். அவர் போட்ட பணத்தை எங்கிருந்து எடுப்பார்? ஊராட்சி வேலையில்தான் எடுக்க வேண்டும். மேலே கண்ட ஊராட்சியில் ஐந்து ஆண்டுக்கு மிஞ்சும் ரூ.45 லட்சத்தில் ரூ.10 லட்சம் போனால், ஒரு களமும் கால் பங்குப் பாதையும் காணாமல் போகும். மேலும், ஏலத்தில் நிற்கச் சிறு விவசாயிக்கோ கூலித் தொழிலாளிக்கோ வசதி இல்லை. அவரது வாக்குரிமையே ஏலத்தில் போய்விடுகிறது. இத்தகைய ஏலம் செல்லாது என்றும், நடவடிக்கைக்கு உரியது என்றும் மாநிலத் தேர்தல் ஆணையம் எச்சரித்துள்ளது.

வேட்பாளரிடம் கேட்க வேண்டியவை

1. சொன்ன வேலை கிராம ஊராட்சியின் அதிகாரத்தில் உள்ளதா, ஒன்றியத்தின் அதிகாரத்திலா, அரசின் கையிலா?

2. அதற்கு எவ்வளவு ஆகும்? எந்த நிதியிலிருந்து எடுக்கப்படும்? அந்த நிதிக்கு நிபந்தனை உண்டா?

3. முதல் ஆண்டில் எது, மூன்றாம் ஆண்டில் எது?

4. எந்த இடத்தில் வரும்? அந்த இடம் புறம்போக்கா, பட்டாவா?

5. கடைமடை விவசாயிக்கும் நிலமில்லாதவருக்கும் இதில் என்ன கிடைக்கும்?

6. கட்டி முடித்த பின் ஆண்டுக்கு என்ன செலவு? யார் பார்த்துக்கொள்வார்?

7. மீன்பாசிக் குத்தகை, சந்தைக் குத்தகை ஆகியவற்றை எல்லோருக்கும் தெரியும்படி பகிரங்க ஏலத்தில் விடுவீர்களா?

8. ஒவ்வொரு கிராம சபையிலும் கணக்கைப் படித்துக் காட்டுவீர்களா?

ஒரு தாளில் இந்த எட்டுக் கேள்விகளையும் எழுதி, வேட்பாளருக்கு ஒரு கட்டம் வீதம் கோடு போட்டு, அவர்கள் சொல்லும் பதிலைக் குறித்துக்கொள்ளலாம். தெரியாது என்று சொன்னால் அதையும் எழுத வேண்டும். பத்து வீட்டார் சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது. வெற்றுப் பேச்சும் வேலைத் திட்டமும் அந்தத் தாளில் தனித்தனியாகத் தெரிந்துவிடும். தாளைத் தேர்தல் முடிந்ததும் கிழித்துவிடக் கூடாது.

தேர்தலுக்குப் பின்

விதைத்துவிட்டால் மட்டும் பயிர் வந்துவிடாது. களை எடுக்க வேண்டும். ஊராட்சிக்குக் களையெடுப்பு கிராம சபைக் கூட்டம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களில் கூடி வந்த கிராம சபை, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களையும் சேர்த்து ஆண்டுக்கு ஆறு முறை என்று ஆயிற்று. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 3,000 வரை 100 பேரும், 10,000 வரை 200 பேரும், அதற்கு மேல் 300 பேரும் வந்தால்தான் கூட்டம் செல்லும். வராதவர் வந்ததாகக் கையெழுத்து விழுந்தால், கேட்பவர் இல்லாமலே தீர்மானம் நிறைவேறிவிடும்.

தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாத காலங்களும் வருவதுண்டு. 2016 அக்டோபர் முதல் 2019 டிசம்பர் தேர்தல் வரை ஊராட்சிகள் தனி அலுவலர்களிடம் இருந்தன. 2019-ல் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் அந்த மன்றங்களின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தபோதும் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். தலைவர் இல்லாவிட்டாலும் கிராம சபை உண்டு. கணக்குக் கேட்கும் உரிமையும் உண்டு. புகார் இருந்தால் வட்டார வளர்ச்சி அலுவலரிடமும், ஊராட்சிகளின் ஆய்வாளராகிய மாவட்ட ஆட்சியரிடமும் எழுத்து மூலம் தரலாம்.

வேட்பாளர்கள் சொன்ன பதில்களைக் குறித்த அந்தத் தாளைச் சிட்டா, அடங்கல் வைத்திருக்கும் பெட்டியிலேயே பத்திரமாக வைத்து, ஒவ்வொரு கிராம சபைக்கும் எடுத்துச் செல்வது நல்லது. எந்த ஆண்டில் எதைச் செய்வதாகச் சொன்னார், எது நடந்தது, எது நடக்கவில்லை என்று கூட்டத்தில் படித்துக் கேட்கலாம். அடுத்த தேர்தல் வரும்போது அதே தாள் மீண்டும் பயன்படும்.